சாமியறைக்குள் போன வயர்

குகதாசன் சேர் கோட்டக் கல்விப் பணிப்பாளராக இருந்தவர். பதவி ஓய்வு பெற்றுவிட்டது. சேர் இன்னும் பெறவில்லை. விசுவமடுவில் அவருடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகர வேலி. எட்டிப் பார்த்து "மாஸ்ரர்" என்று கூப்பிட்டால் நான் போய் நிற்பேன். அப்படிச் செய்யமாட்டார். ஊருக்குள் மட்டும் வேலை செய்கிற வீட்டுத் தொலைபேசியில் எடுத்து, "வசதியான நேரத்தில் ஒருக்கால் வந்து போகவும்" என்பார். அவருடைய சுற்றுநிருபங்களுக்குக் கீழே கையொப்பம் வைத்தே பாதி வாழ்க்கையைத் தொலைத்த வாத்தி நான். "வந்து போகவும்" என்று காதில் விழுந்தால் இப்போதும் சேட்டு மாற்றிக்கொண்டுதான் படலையைத் திறக்கிறேன்.

அன்று பின்னேரம் போனபோது சேர் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிழை விட்ட அதிபரைப் பார்க்கிற பார்வை. திரை முழுக்க நீலம். நடுவில், வயர் இணைக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"காணும், இண்டைக்கு மூண்டாம் நாள்," என்றார். நேரில் நான் அவருக்கு எப்போதும் 'காணும்'தான்.

"தயாபரனுக்குச் சொன்னனீங்களோ சேர்?"

"அறிவித்திருக்கிறேன்."

மூன்று நாள் என்பது மற்றவர்களுக்குப் பெரிய விடயமில்லை. சேருக்குப் பெரிய விடயம். அவருடைய மனைவி கௌசலா அக்கா மகள் லக்சிகாவின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவுக்குப் போனவர். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் போனார். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றார்கள், நின்றது. பல்லு முளைக்கட்டும் என்றார்கள், முளைத்தது. இப்போது பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான். ஒவ்வொரு தடவையும் அக்கா, "அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் சேர், "உமக்கு எப்பிடி வசதியோ அப்பிடிச் செய்யும்" என்பார். தான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாகச் சேருக்கு நினைப்பு. தான் ஊரில் தேவையில்லைப் போலிருக்கிறது என்று அக்காவுக்கு நினைப்பு. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

திரும்பி வருகிற டிக்கெற் அடுத்த மாதத்துக்கு இருந்தது. அதை இன்னும் ஆறு மாதம் தள்ளிவிடலாம் என்று மருமகன் சொல்லியிருந்தார். தள்ளுவதென்றால் இன்றுதான் கடைசி. அங்கே விடிகிற நேரம் இங்கே பொழுதுபடுகிற நேரம். மருமகன் வேலைக்குப் புறப்படுமுன் மாற்றிவிட்டுப் போவார்.

அவர்கள் இருவரும் அந்தத் தொலைக்காட்சியில் பேசிக்கொள்வார்கள் என்று ஊரில் ஒரு கதை. நான் ஒரு நாள் பத்திரிகை வாங்கப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒன்றும் பேசவில்லை. திரையில் அக்கா தன்னுடைய விடியற்கால வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். இங்கே சேர் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா, "பாவற்காயோ காய்ச்சினது?" என்றார். சேர் "ஓம்" என்றார். அவ்வளவுதான். ஆருடைய படுக்கையறைக்குள்ளோ தெரியாமல் கால் வைத்துவிட்டதுபோல நான் பத்திரிகையைக் கேளாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வயர் இல்லாமல் காற்றிலும் வருகிற சாமான்தான் இந்த இணையம். ஆனால் பின்னேரத்தில் பெடியள் மதிலில் குந்தியிருந்து சேருடைய காற்றைக் குடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்த அன்றே, வந்து நின்ற மருமகனைக் கொண்டு அதை நிறுத்திவிட்டார். "கம்பியாலை வாறதுதான் ஒழுங்கான சாமான். காத்திலை வாறது ஊருக்குப் பொது" என்று எனக்கு ஒரு விளக்கவுரையும் நடந்தது. மருமகன் வீட்டுக் கூரைக்குள்ளால் வயர் இழுத்துத் தந்துவிட்டுப் போனார். காற்றைத் திரும்பத் திறக்கிற இரகசியச் சொல்லை அவரே மறந்துவிட்டார்.

முதல் நாள் நான் குரல் மட்டும் போகிற என்னுடைய பழைய கைத்தொலைபேசியைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் அது வேலை செய்வதென்றால் வாய்க்கால் மதகடிக்கு நடக்கவேண்டும். கூட்டிக்கொண்டு போனேன். சேர் மதகில் நிமிர்ந்து நின்று, "இங்கு யாவரும் நலம். கவலைப்படுவதற்கு ஒன்றுமில்லை" என்றார். அங்காலிருந்து அக்கா ஏதோ கேட்டார். "அது உம்முடைய விருப்பத்தைப் பொறுத்தது" என்றார் சேர். ஒரு உழவு இயந்திரம் எங்களைக் கடந்து போனது. ஓட்டி வந்தவன் சேருக்குத் தலையாட்டினான். சேர் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு வயலைப் பார்த்தார்.

"என்ன சேர் கேட்டவா?"

"வரட்டோ, வேண்டாமோ எண்டு."

"அதுக்கு நீங்கள்?"

"நீர் கேட்டனீர்தானே." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "றோட்டிலை நிண்டு கதைக்கிற கதையே இது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சேருடைய குரல் முப்பது வருடம் கல்விக் கந்தோரில் வேலை செய்த குரல். அதற்குப் பொய் சொல்லத் தெரியும். முகம் அவ்வளவுக்குப் படிக்கவில்லை. அக்கா ஒருக்கால் முகத்தைக் கண்டால் போதும். அதற்குத்தான் அந்த நாசமாய்ப்போன நீலத் திரையில் படம் வரவேண்டியிருந்தது.

தயாபரன் வந்தான். சந்தியில் உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு கடை. கடை கொஞ்சம் சிறிது. பெயர்ப்பலகை உரக்கடைக்கு மேலாலும் போகும். 'தயா இன்ரர்நாஷனல் நெற்வேர்க் சொலூசன்ஸ்.' கழுத்தில் தன்னுடைய படம் போட்ட அட்டை ஒன்று தொங்கியது. அவனே அடித்து அவனே மாட்டிக்கொண்டது.

"கையை வையாதேங்கோ சேர். இது புரோட்டோக்கோல் பிரச்சினை," என்றான், செருப்பைக் கழற்றுமுன்பே.

முன் விறாந்தையில் இருந்த றூட்டரைப் பார்த்தான். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. அதை நிறுத்திப் போட்டான். தொலைக்காட்சிக்குப் பின்னால் வயரைக் கழற்றி, ஊதி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை திரும்பக் குத்தினான். நீலம் அசையவில்லை. வேறொரு வயரை மாட்டினான். நீலம்.

"ரீவி அடிச்சுப்போட்டுது சேர். உள்ளுக்கை போட் போயிட்டுது."

"கந்தோர் அறையிலை இருக்கிற கொம்பியூட்டரும் இல்லையெண்டுதான் காட்டுது," என்றார் சேர்.

"அதுவும் அடிச்சுப்போட்டுது."

"ரெண்டும் ஒரே நாளிலையோ தம்பி?" என்று நான் கேட்டேன்.

"மின்னல் அண்ணை."

"மழை பெய்து ஒரு மாசமாச்சு."

தயாபரன் கொஞ்சமும் தளரவில்லை. "இது வறண்ட மின்னல்," என்றான்.

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு தயாபரன் தத்துவத்தை விட்டுவிட்டு வேலையில் இறங்கினான். இறங்கினால் அவன் வேலைகாரன்தான். பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து றூட்டரில் செருகினான். அதில் விளக்குகள் வரிசையாக ஓடின. "இதுவரைக்கும் வருது," என்றான். தொலைக்காட்சிப் பக்கத்து வயரில் செருகினான், ஒன்றுமில்லை. "இஞ்சை வரேல்லை. அப்ப நடுவிலை எங்கையோ." ஏணி கேட்டான். நான் பிடித்தேன். றூட்டரில் தொடங்கிய வயர் சுவரோரம் போய், கதவு நிலையில் ஏறி, கூரைக்குள் மறைந்தது. தொலைக்காட்சிக்கு ஒன்று, கந்தோர் அறைக்கு ஒன்று என்று இரண்டு வயர்கள் அதே கூரையிலிருந்து இறங்கின.

"உள்ளை ஒண்டு போகுது, வெளியிலை ரெண்டு வருது. அப்ப நடுவிலை ஒரு பெட்டி இருக்கோணும் சேர். வயரைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி. அதுக்குக் கரண்ட் வேணும். அது செத்தா எல்லாம் செத்துது. ரீவியிலை ஒரு பிழையும் இல்லை." வறண்ட மின்னலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வயரைத் தடவிக்கொண்டே போனான். வீட்டின் நட்ட நடுவில், ஒரு கதவு நிலைக்கு மேலே துளை போட்டு வயர் உள்ளே இறங்கியிருந்தது.

கதவில் பூட்டு. சாமியறை.

பளையில் சேருடைய பெரியப்பாவின் மகன் கணபதி தவறிப்போய் மூன்று நாள். தென்னங்காணி எல்லைச் சண்டையில் இருவருக்கும் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் துடக்கு என்கிற சாவுத் தீட்டு கோபத்தைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைத்தான் பார்க்கும். செய்தி வந்த கையோடு சேர் சாமியறையைப் பூட்டினார். முப்பத்தோராம் நாள் முடிந்து வீடு கழுவும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்று வீட்டில் தனியாக இருந்தபடியே அறிவித்தார். அதோடும் நிற்கவில்லை. துடக்குக்காரர் கோயில் வீதிக்குள் வந்ததாக ஆரையோ பிடித்து, சந்தியில் வைத்து அரை மணித்தியாலம் வகுப்பெடுத்ததும் இந்த மூன்று நாளுக்குள்தான்.

"பெட்டி உதுக்குள்ளைதான் சேர். மருமகன் ஏன் சாமியறைக்குள்ளை வைச்சவர்?"

"வீட்டுக்கு நடு அதுதானாம். கௌசலாவும், சாமிக்குப் பக்கத்திலை இருந்தா பழுதாகாது எண்டவா," என்றார் சேர். பிறகு அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. "காணும்... அதிலை பச்சை வெளிச்சம் ரெண்டு இருக்குமோ?"

"ஓம் சேர், கண் சிமிட்டும்."

"அண்டைக்குக் கதவைப் பூட்டேக்கை பாத்தனான். எல்லா விளக்கும் நூத்தாச்சு, அது மட்டும் சாமிக்கு முன்னாலை மினுங்கிக்கொண்டு நிண்டது. துடக்கு வீட்டிலை சாமிக்கு முன்னாலை வெளிச்சம் எரியலாமோ? பிளக்கைக் கழட்டிப்போட்டன்."

தயாபரன் ஏணியில் நின்றபடியே கூரையைப் பார்த்தான். சிரிக்காமல் இருக்க அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

"புது வயர் இழுக்கிறதெண்டா நாளைக்குத்தான். திறப்பைத் தாங்கோ சேர். குத்திப்போட்டு வாறன். ஒரு நிமிசம்."

"நீர் மத்தியானம் என்ன சாப்பிட்டனீர்?"

"கொத்துறொட்டி."

"என்ன கொத்து?"

"...கோழி."

சேர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு எங்கடை வீட்டிலை சூடை மீன் பொரிச்சது சேர்," என்று கேளாமலே ஒப்புக்கொண்டேன். துடக்கு உள்ளவர் மச்சம் தின்னவில்லை. துடக்கு இல்லாத எங்கள் வயிற்றில் மீனும் கோழியும். ஒரு பிளக்கைக் குத்துவதற்குத் தகுதியான மனிதன் விசுவமடுவில் அந்த நேரம் ஒருவரும் இல்லை.

அப்போது என் படலையில் மோட்டார் சைக்கிள் ஹோண் கேட்டது. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற அல்பேர்ட். "மாஸ்ரர், றால் இருக்கு!" என்று கத்தியவன், நாங்கள் இங்கே நிற்பதைக் கண்டு இந்தப் படலையடிக்கு வந்தான்.

தயாபரனுக்கு ஞானம் பிறந்தது. "சேர், அல்பேர்ட் அண்ணைக்குத் துடக்கு இல்லையெல்லோ? அவையின்ரை சமயத்திலை அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே."

விடயத்தைக் கேட்ட அல்பேர்ட் கைகளை விரித்துக் காட்டினான். "எனக்குத் துடக்கு இல்லைத்தான் ஐயா. ஆனா கையிலை றால் மணம். சவுக்காரம் போட்டுத் தேய்ச்சாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையிலை மணக்கும். பங்குச் சுவாமியே தள்ளி நிண்டுதான் எனக்கு நற்கருணை தாறவர். உங்கடை சாமி தாங்குவாரோ தெரியாது."

"இல்லை, இல்லை," என்று சேர் இரண்டடி பின்வாங்கினார்.

"அவ்வளவு அவசரமே ஐயா?"

நான்தான் சொன்னேன்: அக்கா, டிக்கெற், இன்றைக்குக் கடைசி.

அல்பேர்ட் பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான். "என்ரை யூலிற்றா குவைத்திலை நிண்ட காலம் எங்கடை கரையிலை போன் வேலை செய்யாது. நான் தென்னையிலை ஏறி நிண்டுதான் கதைக்கிறது. அவ இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டோ எண்டு கேட்டா. உச்சி வட்டிலை, ஓலைக்கு நடுவிலை இருந்துகொண்டு, வாடி எண்டு கத்தினன். கரைவலை இழுத்துக்கொண்டு நிண்ட சனம் முழுக்க மேலை பாத்துது. இறங்கேக்கை நெஞ்சுத் தோல் உரிஞ்சு போச்சு."

"வந்தவவோ?" என்று கேட்டார் சேர்.

அந்தக் கேள்வியில் கந்தோர் இல்லை. அவரிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்து நான் முன்னே கேட்டதில்லை.

"வந்தவ. வந்து, சனத்துக்கு முன்னாலை ஏன் கத்தினனீங்கள் எண்டு ஒரு கிழமையா ஏச்சு." அல்பேர்ட் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். "மாஸ்ரர், றாலை உங்கடை வீட்டு அக்காவிட்டைக் குடுத்திட்டுப் போறன்."

புகை அடங்கும்வரை சேர் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போனார். வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஒரு வாளி இல்லை, பல வாளிகள். ஈர வேட்டியோடு, மேலில் தண்ணீர் ஒழுக, கையில் திறப்போடு வந்தார். குளித்தால் துடக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். சந்தியில் அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

பூட்டைத் திறந்தார். நானும் தயாபரனும் மரியாதைக்கு முற்றத்தைப் பார்த்தோம்.

ஒரு பிளக்கைக் குத்துவதற்கு எடுக்கிற நேரத்தைவிடக் கூடுதலாகவே சேர் உள்ளே நின்றார். என்ன செய்தார் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டாரோ, விளக்கம் கோரினாரோ. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்தார். தலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நீலம் போய்விட்டது. "பாத்தீங்களோ, நான் அப்பவே சொன்னனான்," என்றான் தயாபரன். எதைச் சொன்னான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுடைய பையை அவனுடைய தோளில் மாட்டி நான் படலைவரை கொண்டுபோய் விட்டேன். அப்படியே நானும் போகப் பார்த்தேன்.

"நீர் போகாதையும்," என்றார் சேர். "இதிலை இரும்."

முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண்சாதியோடு தனியாக நிற்க அந்த மனிதருக்குப் பயம்.

மணி அடித்தது. படம் வந்தது. தடித்த கம்பளிச் சட்டையோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு கௌசலா அக்கா. பின்னால் குசினி யன்னலில் அந்த ஊரின் சாம்பல் வெளிச்சம்.

"இஞ்சாருங்கோ! என்னப்பா மூண்டு நாளா... ஏன் ஈரத்தோடை நிக்கிறியள்?"

"குளிச்சனான்."

"பொழுதுபடுற நேரத்திலையோ? தடிமன் பிடிக்கப்போகுது. பளைச் சாவுக்கு மேலாலை வேறை ஆருக்கும் ஏதுமோ?"

"இல்லை. சாமியறைக்குள்ளை போனனான்."

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். "துடக்குக்குள்ளையோ?"

"ஓம்."

"நீங்களோ?"

"நான்தான்."

"ஏனப்பா?"

சேருடைய வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று ஏதோ வரப்போகிறது என்று நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உம்மைக் காணாமல் இருக்கேலாமல் கிடக்கு," என்றார் சேர்.

நான் நிமிரவில்லை. அங்கே தண்ணீர்க் கேத்தில் கொதித்து அடங்குகிற சத்தம் இங்கே கேட்டது.

"டிக்கெற்றை மாத்த வேண்டாம். வாரும்."

அக்கா நெடுநேரம் அவருடைய முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். "பிள்ளை லக்சி! அவர் வெளிக்கிட்டிட்டாரோ? டிக்கெற்றை மாத்த வேண்டாமெண்டு சொல்லு."

"என்னம்மா?" லக்சிகாவின் குரல் வந்தது. "அப்ப நான் வேலைக்குப் போனா இவனை ஆர் பாக்கிறது?"

"சொல்லு பிள்ளை."

லக்சிகா வந்தாள். வாதாடவில்லை. நித்திரையால் எழும்பிய பேரனைக் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைவிடப் பெரிய வாதம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் அம்மம்மாவின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரிந்த முன்னாள் கோட்டக் கல்விப் பணிப்பாளரை ஒருக்கால் பார்த்துக் கொட்டாவி விட்டான். அக்கா அவனுடைய கழுத்துக்குள் முகத்தை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டது கிடைத்த மனிதனுடைய முகம் அப்படி இருக்காது. வேட்டி நுனியைப் பிழிந்து பிழிந்து காலடியில் ஒரு சின்னக் குளம் கட்டிவிட்டார்.

"ஒரு மாசம் பிந்தினாலும் பறவாயில்லை," என்றார் மெல்ல.

அக்கா முகத்தை எடுத்தார். "இப்பதானே வாரும் எண்டனீங்கள்!"

"ஓம், வாரும். மெதுவா வாரும்."

"பிளேனை மெதுவா ஓடச் சொல்லட்டோ?" பிள்ளையின் சட்டையிலேயே கண்ணைத் துடைத்தார். "நான் அடுத்த மாசம் வாறன். வந்து அந்த அறையைக் கழுவோணும். என்னென்ன செய்து வைச்சிருக்கிறியளோ... முதல் போய் உடுப்பை மாத்துங்கோ, போங்கோ."

"நீர் போகமாட்டீர்தானே?"

"நிக்கிறன். போங்கோ."

சேர் அறை வாசல்வரை போனார். திரும்பித் திரையைப் பார்த்தார். அக்கா அங்கேதான் இருந்தார். உள்ளே போனவர் மறு நிமிடம் காய்ந்த வேட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, திரைக்கு முன்னாலேயே நின்றார்.

"காணும், அங்காலை திரும்பும்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால், கடலெல்லாம் தாண்டி, அக்கா பேரனுக்குச் சொல்லுகிற சத்தம் கேட்டது.

"பாரடா குஞ்சு, உன்ரை அம்மப்பாவை. பெரிய டிரெக்டராம்..."

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். முடிக்கவில்லை.